அந்தப் பெட்டியின் எடை 4 கிலோ

கேட் திறக்கும் சத்தம் கேட்கவில்லை, அழைப்பு மணியும் அடிக்கவில்லை. தொப்பென்று ஒரு சத்தம், அதற்குள்ளேயே கண்ணாடி ஒன்றோடொன்று உரசுகிற மெல்லிய இன்னொரு சத்தம். நான் வாசலுக்கு ஓடி வருவதற்குள் வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. பெட்டி படிக்கட்டுக்குக் கீழே குப்புறக் கிடந்தது. நான்கு பக்கமும் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரில் ‘மேல்நோக்கி வைக்கவும்’ என்று இரண்டு அம்புகள் இருந்தன, அவை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. போனை எடுத்துப் பார்த்தால் ‘உங்கள் பார்சல் உங்களிடம் நேரில் ஒப்படைக்கப்பட்டது’ என்று மெசேஜ். கையெழுத்து என்ற இடத்தில் யாரோ போட்ட ஒரு கிறுக்கல். என் கையெழுத்து இல்லை.

உள்ளே இருந்தது ஒரு தொலைநோக்கிக் கண்ணாடி. 200 மி.மீ. விட்டம், 33 மி.மீ. தடிமன், போரோசிலிகேட் கண்ணாடி. லென்சுக்குப் பதில் குழிந்த கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டன் வகைத் தொலைநோக்கியின் உயிரே அதுதான், குழாய், ஸ்டாண்டு எல்லாம் அதைத் தாங்கிப் பிடிப்பதற்கு மட்டும்தான். இரண்டு வருடம் மாதாமாதம் எடுத்து வைத்த பணத்தில், கையாலேயே கண்ணாடி தேய்த்துத் தரும் ஒரு பெரியவரிடம் சொல்லிச் செய்த கண்ணாடி அது. அவர் இருப்பது வேறு நாட்டில்.

கையால் தேய்ப்பது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தெரிந்தால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். ஒரு தட்டையான கண்ணாடி வட்டை இன்னொன்றின் மேல் வைத்து, நடுவில் கார்போரண்டம் என்ற தேய்ப்புத் தூளும் தண்ணீரும் விட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் 80 நம்பர் கரடுமுரடான தூள், அப்புறம் 120, 220 என்று ஒவ்வொரு படியாக மென்மையாகிக்கொண்டே போகும். குழி விழுந்து வடிவம் வந்த பிறகு, தாரும் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுத் தூளும் வைத்து மெருகேற்ற வேண்டும். கடைசிக் கட்டம்தான் உயிரை எடுப்பது. கோள வடிவில் இருக்கும் குழியைப் பரவளைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். என் கண்ணாடி அளவுக்கு இந்த இரண்டு வடிவங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மைக்ரான்கூட இல்லை, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை விரல் அழுத்தத்தால் கொண்டுவருகிறார் அவர். ஐந்து நிமிடம் தேய்ப்பார், கை சூட்டில் கண்ணாடி விரிந்திருக்கும் என்பதால் அது ஆறும்வரை காத்திருப்பார், அப்புறம் 1858-இல் பிரெஞ்சு அறிவியலாளர் ஃபூக்கோ கண்டுபிடித்த கத்திமுனைச் சோதனையை (திரும்பி வரும் ஒளியைக் கத்தி முனையால் மறைத்து, கண்ணாடியில் தெரியும் நிழலை வைத்து வடிவத்தைக் கண்டுபிடிப்பது) வைத்துப் பார்ப்பார், திரும்பவும் ஐந்து நிமிடம் தேய்ப்பார். இப்படிப் பல வாரங்கள். சோதனை நிழல்களைப் படமெடுத்து அவ்வப்போது எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார், நானும் அவற்றைப் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அப்படி வந்த கண்ணாடியைத்தான் மதில் சுவருக்கு மேலாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள்.

பெட்டியைத் தூக்கியதுமே தெரிந்துவிட்டது. உள்ளே எதுவோ நகர்ந்தது. திறக்கப் பயந்து அரை மணி நேரம் மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் போனில் வீடியோ ஓடவிட்டுத்தான் பிரித்தேன், அந்த நேரத்தில் எனக்கு வந்த ஒரே புத்திசாலித்தனம் அது. கண்ணாடியின் விளிம்பில் சிப்பி வடிவத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. சில்லு மட்டும் என்றால் பரவாயில்லை, அந்த இடத்தில் கறுப்பு பெயிண்ட் பூசிவிட்டுப் பயன்படுத்தலாம், பெரிதாக ஒன்றும் குறையாது. ஆனால் அந்தச் சில்லிலிருந்து ஒரு விரிசல் உள்நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரம் ஓடியிருந்தது. விரிசல் விட்ட கண்ணாடியின் வடிவம் கலைந்துவிடும், நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாது. அதற்கு மேல் அந்தக் கண்ணாடியில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

கூரியர் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். “சார், நேரில் ஒப்படைத்ததாக இங்கே காட்டுகிறது சார்.” நான் வாங்கவில்லை, தூக்கிப் போட்டார்கள் என்றேன். “பேக்கிங் சரியில்லாமல் இருந்திருக்கும் சார், அனுப்பினவரைக் கேளுங்கள்.” படங்களை அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து பதில் வந்தது. பெட்டியின் எடை 4 கிலோ, அதனால் இழப்பீட்டின் உச்சவரம்பு இவ்வளவுதான், அதுவும் பேக்கிங் போதுமானது என்று நிரூபித்தால் மட்டும் என்று இருந்தது.

எடைக்கு என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவே இல்லை. அன்று இரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். நாடு விட்டு நாடு விமானத்தில் போகும் சரக்குக்கு 1999-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. அதன்படி சரக்கு சேதமானால் ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. முதலில் கிலோவுக்கு 17 எஸ்.டி.ஆர். என்று இருந்தது, பன்னாட்டு நிதியம் வைத்திருக்கும் கணக்கு அலகு அது. பிறகு 19 ஆக்கி, 22 ஆக்கி, 2024 டிசம்பர் கடைசியிலிருந்து 26 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். 4 கிலோ பெட்டிக்கு 104. சாலை வழியாக நாடு விட்டு நாடு போகும் சரக்குக்கான சி.எம்.ஆர். உடன்படிக்கையிலும் கிலோ கணக்குதான், அங்கே 8.33. பருத்தி மூட்டைக்கும் இரும்புக் கம்பிக்கும் இந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். ஒரு கேமரா லென்சுக்கு, ஒரு வயலினுக்கு, ஒரு கைக்கடிகாரத்துக்கு இது என்ன நியாயம்? எவ்வளவு நுணுக்கமாகச் செய்த பொருளோ அவ்வளவு எடை குறைவாக இருக்கும், எடை குறைவாக இருக்கிற அளவுக்கு அதை உடைத்தவன் கொடுக்க வேண்டிய காசும் குறையும். கவனமாகத் தூக்குவதற்கு ஆகிற செலவைவிட உடைத்துவிட்டுக் கொடுக்கிற காசு மலிவாக இருந்தால் யார் கவனமாகத் தூக்குவார்கள்?

அதே உடன்படிக்கையில் அனுப்புகிறவர் பொருளின் மதிப்பை முன்கூட்டியே தனியாக அறிவித்து, அதற்கான கூடுதல் கட்டணமும் கட்டினால் இந்தக் கிலோ கணக்கைத் தாண்டலாம் என்றும் ஒரு வழி இருக்கிறது. இதை புக்கிங் செய்யும்போது யாரும் சொல்வதில்லை. சுங்கத்துக்காக எழுதும் மதிப்பு வேறு, இழப்பீட்டுக்காக அறிவிக்கும் மதிப்பு வேறு. இரண்டும் ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அந்தப் பெரியவரும் நினைத்திருந்தார். இன்ஷூரன்ஸ் எடுக்கிறவர்களும் எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்ற விலக்குப் பட்டியலைக் கடைசிவரை படித்துப் பாருங்கள். கண்ணாடி, பீங்கான், பழம்பொருள், ஓவியம் இதெல்லாம் அதில் இருப்பது சர்வ சாதாரணம். எது உடையுமோ அதைத்தான் விலக்கி வைத்திருப்பார்கள்.

பேக்கிங் சரியில்லை என்று சொன்னார்களே, அதற்கு வருகிறேன். பெரியவர் செய்திருந்த பேக்கிங் இதுதான்: கண்ணாடியின் முகத்தில் மெல்லிய தாள், அதைச் சுற்றி வட்டமாக வெட்டிய கெட்டி ஃபோம், அது ஒரு பெட்டியில், அந்தப் பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. ஃபோம், வெளியே இரட்டை நெளி அட்டையில் இன்னொரு பெட்டி. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வருகிறது. அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஃபோம் நசுங்கி 5 மி.மீ. தூரத்தில் நின்றால் சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 300 மடங்கு அதிர்ச்சி, 50 மி.மீ. தூரத்தில் நின்றால் 30 மடங்கு. ஃபோம் முழுவதுமாக நசுங்காது என்பதால் உண்மையில் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். அது மட்டுமில்லை, ஒவ்வொரு முறை விழும்போதும் ஃபோம் கொஞ்சம் தளர்ந்துபோகும், அட்டையின் மூலை நசுங்கும், அடுத்த விழுகைக்கு அந்தப் பாதுகாப்பு இருக்காது. என் பெட்டியின் இரண்டு மூலைகள் நசுங்கியிருந்தன. இரண்டும் எதிரெதிர் மூலைகள். ஒரே விழுகையில் அது நடக்காது. என் வாசலில் நடந்தது கடைசி முறை, அவ்வளவுதான்.

பேக்கிங்கைச் சோதிப்பதற்கு ஐ.எஸ்.டி.ஏ. என்ற சர்வதேச அமைப்பின் தரமுறைகள் இருக்கின்றன. அடிப்படைச் சோதனையில் சுமார் 10 கிலோவுக்குக் குறைவான பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து 10 தடவை போடுவார்கள்: ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம். அதாவது இடுப்பளவு உயரத்திலிருந்து கை தவறி விழுந்தால் தாங்க வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அதைப்போல இரண்டு மடங்கு உயரத்திலிருந்து ஒருவர் வேண்டுமென்றே போடுவார் என்று வைத்து யாரும் பெட்டி செய்வதில்லை, செய்யவும் கூடாது.

அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் பற்றி. ஒயின் கிளாஸ், மேல்நோக்கிய அம்பு, குடை எல்லாம் ஐ.எஸ்.ஓ. 780 என்ற தரத்தில் உள்ள குறியீடுகள்தான். எந்த மொழி தெரிந்தவருக்கும் புரிய வேண்டும் என்பதற்காகவே படமாக வைத்தது. ஆனால் பெட்டி முக்கால்வாசி நேரம் மனிதக் கையில் இருப்பதில்லை. தரம் பிரிக்கும் மையத்தில் கன்வேயர் பெல்ட்டில் ஓடுகிறது, சரிவில் வழுக்கி மற்ற பெட்டிகள் மேல் போய் மோதுகிறது, அதன் மேல் இன்னும் கனமான பெட்டி வந்து விழுகிறது. அங்கே இருக்கும் இயந்திரம் பார்கோடை மட்டும்தான் படிக்கும், ஒயின் கிளாஸ் படத்தைப் படிக்காது. இதை நான் ஏற்றுக்கொள்கிறேன், அதற்காகத்தான் பேக்கிங். ஆனால் கடைசியில் ஒரு மனிதர் அதைக் கையில் எடுக்கிறார் இல்லையா? அந்த ஸ்டிக்கர் அவருடைய கண்ணுக்காகத்தான் ஒட்டியது.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் கோபத்தை முழுவதும் அவர் தலையில் இறக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. எத்தனை பார்சல் முடித்தாரோ அத்தனைக்குத்தான் காசு என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள், ஒரு வீட்டு வாசலில் மணி அடித்துவிட்டு இரண்டு நிமிடம் நின்றால் அந்த இரண்டு நிமிடம் அவர் கணக்கில் நஷ்டம். மதில் மேல் தூக்கிப் போடுவது அவர் கண்டுபிடித்த வழி, ஆனால் அந்த அவசரம் மேலேயிருந்து வந்தது. பொய்க் கையெழுத்து போட்டதை மட்டும் என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை. அது என்னுடைய பேரில் போட்டது. அதை வைத்துக்கொண்டுதான் பெட்டி நல்லபடியாக வந்து சேர்ந்தது என்று அலுவலகத்தில் சாதித்தார்கள்.

இதையெல்லாம் அனுபவித்துவிட்டதால் சொல்கிறேன், விலை உயர்ந்த உடையும் பொருள் உங்களுக்கு வரப்போகிறது என்றால் முடிந்தவரை அலுவலகத்துக்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு கிலோமீட்டரையாவது நம் கையில் வைத்துக்கொள்ளலாம். பெட்டி நசுங்கியிருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தத் தாளிலேயே ‘பெட்டி சேதம்’ என்று எழுதுங்கள், எழுத இடமில்லை என்பார்கள், ஓரத்திலாவது எழுதுங்கள். அனுப்புகிறவரிடம் ஷாக் இண்டிகேட்டர் ஒட்டச் சொல்லுங்கள். ஓர் அளவுக்கு மேல் அதிர்ச்சி பட்டால் உள்ளே சிவப்பாகிவிடும், திரும்ப வெள்ளையாகாது. சிவப்பாக இருந்தால் பொருள் உடைந்தே இருக்கும் என்று அர்த்தமில்லை, ஆனால் பெட்டியை யாரோ போட்டிருக்கிறார்கள் என்பதற்குச் சாட்சி அது. உடைந்த பொருளையும் பெட்டியையும் ஃபோமையும் எதையும் தூக்கி எறியாதீர்கள். எழுத்தில் புகார் கொடுங்கள், அதுவும் சீக்கிரம் கொடுங்கள். நான் சொன்ன அந்த விமானச் சரக்கு உடன்படிக்கையில் சேதத்துக்குப் புகார் செய்ய பொருள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாள்தான் அவகாசம். என்னை ஒன்பது நாள் ஒரு பதிலுக்குக் காக்க வைத்தார்கள், நான் போனிலேயே பேசிக்கொண்டிருந்திருந்தால் மீதி ஐந்து நாளும் அப்படியே போயிருக்கும். பன்னிரண்டாவது நாள் எழுத்தில் அனுப்பினேன். அது இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.

பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி, பிரிக்கும்போது கையில் எங்கேயும் வெட்டிக்கொள்ளவில்லையே என்பது. எனக்குப் பேச்சு வரவில்லை. உடைந்த கண்ணாடியின் படத்தைக் கேட்டார், அனுப்பினேன். விரிசல் எந்தப் பக்கத்திலிருந்து போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு, விளிம்பில்தான் அடி விழுந்திருக்கிறது, அங்கே ஃபோம் இன்னும் தடிமனாக வைத்திருக்கலாம், என் தப்பும் இருக்கிறது என்றார். இல்லை ஐயா, உங்கள் தப்பு எதுவுமே இல்லை என்று நான்கு தடவை சொன்னேன்.

போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். புது வட்டு, 120 நம்பர் முடிந்து 220-க்கு வந்திருக்கிறது. இந்தத் தடவை கூரியர் இல்லை, அங்கிருந்து வரும் என் நண்பன் ஒருவன் கைப்பையில் கொண்டு வருகிறேன் என்றிருக்கிறான். கண்ணாடி மட்டும் இரண்டே கால் கிலோதான்.