அப்பாவின் கணினியில் அஞ்சு வைரஸ்

"டேய், கம்ப்யூட்டர்ல அஞ்சு வைரஸ் இருக்காம். உடனே எடுக்கலைன்னா போட்டோ எல்லாம் போயிடுமாம்."

அப்பா போனில் இதைச் சொன்னபோது பயத்தைவிடப் பெருமைதான் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது. கண்டுபிடித்தவர் அவரல்லவா. யார் சொன்னது என்று கேட்டேன். "கம்ப்யூட்டரே சொல்லுது" என்றார். எதையும் அழுத்த வேண்டாம், நான் வரும்வரை அப்படியே மூடி வையுங்கள் என்று சொல்லிவிட்டு மறுநாள் போய் உட்கார்ந்தேன்.

வைரஸ் ஒன்றுகூட இல்லை. என்றோ ஒருநாள் ஏதோ ஒரு தளம் "அறிவிப்புகள் அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறது, அப்பாவும் பெரிய மனதுடன் "அனுமதி" கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து அந்தத் தளம் பிரவுசர் வழியாக, திரையின் வலது கீழ் மூலையில், சிவப்பு நிறத்தில், ஆண்டிவைரஸ் மாதிரியே வேடம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தது. பிரவுசரின் அமைப்புகளில் அறிவிப்புப் பட்டியலைத் திறந்து அந்தத் தளத்தை நீக்கினேன். ஒரு நிமிட வேலை.

ஆனால் எழுந்து வர மனம் வரவில்லை. அதே மூலையில் இன்னொன்றும் கத்திக்கொண்டிருந்தது, அது அசல். கணினி வாங்கியபோதே உள்ளே வந்த ஆண்டிவைரஸின் இலவசக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. "உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை, புதுப்பியுங்கள்" என்று அது தினமும் கெஞ்சும். நடுவே "குப்பைக் கோப்புகள் சேர்ந்துவிட்டன", "உங்கள் இணைப்பை யாரோ கவனிக்கலாம்" என்று வேறு. அன்று மதியம் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். மூன்று மணி நேரத்தில் 11 முறை. இத்தனைக்கும் நடுவே அசல் எது, போலி எது என்று எழுபத்திரண்டு வயது மனிதர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? நானே சிலவற்றைப் படிக்காமல் மூடினேன்.

சரி, புதிதாக ஒன்று தேர்ந்தெடுப்போம் என்று இறங்கினேன். முதலில் பார்த்தது ஆய்வகங்களின் மதிப்பெண். ஜெர்மனியில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவில் ஏவி-கம்பேரடிவ்ஸ் என்று இரண்டு இடங்களில் இதையே தொழிலாகச் சோதிக்கிறார்கள். ஏவி-டெஸ்ட் பாதுகாப்புக்கு 6, வேகத்துக்கு 6, பயன்படுத்தும் வசதிக்கு 6 என மொத்தம் 18 புள்ளிகள் தருகிறது. எல்லோரும் அந்த அட்டவணையின் முதல் பத்தியான பாதுகாப்பை மட்டும் பார்ப்பார்கள். அதில் பார்க்க அதிகம் இல்லை, பெயர் பெற்ற மென்பொருள்கள் பலவும் உச்சத்தை ஒட்டியே நிற்கின்றன. விண்டோஸுடனே வரும் டிஃபெண்டரும் அங்கேதான் நிற்கிறது. ஒரு காலத்தில் அதைச் சீண்டுவாரில்லை. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது முழு ஆண்டிவைரஸாக உள்ளே வைத்தார்கள், அப்புறம் மெல்ல மெல்லத் தேறிவிட்டது.

எனக்கு உபயோகப்பட்டது மற்ற இரண்டு பத்திகள்தான். அப்பாவுடையது 4 ஜிபி நினைவகமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் கொண்ட கிழட்டு லேப்டாப். ஆகவே வேகம் முக்கியம். மூன்றாவது பத்தி பொய் அலாரம் பற்றியது, நல்ல கோப்பைக் கெட்டது என்று எத்தனை முறை சொல்கிறது என்பது. இதை அலட்சியம் செய்யக் கூடாது. 2010 ஏப்ரலில் மெக்கஃபி ஆண்டிவைரஸின் ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்துவிட்டது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன.

கட்டண மென்பொருள் ஒன்றைச் சோதனைக் காலத்துக்குப் போட்டுப் பார்த்தேன். பெயர் வேண்டாம். ஆண்டிவைரஸ் கேட்டால் ஒரு குடும்பமே வந்து இறங்கியது. இணைப்பை மறைக்கும் விபிஎன், கடவுச்சொல் பெட்டகம், துப்புரவாளர், பிரவுசருக்கு ஒரு துணை நிரல். லேப்டாப் எழுந்து நிற்க முன்பு ஆன நேரத்தைவிட இரண்டு மடங்கு ஆனது. அட்டை எண்ணைக் கொடுத்தால்தான் சோதனையே, காலம் முடிந்ததும் தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும். முதல் ஆண்டு சலுகை விலை பெரிய எழுத்தில், இரண்டாம் ஆண்டின் விலை பொடி எழுத்தில். நீக்கியபின்னும் வால் மிச்சமிருந்தது. அதற்கென்று அந்த நிறுவனமே தரும் தனி நீக்கியை இறக்கி ஓட்ட வேண்டியிருந்தது.

இலவச மென்பொருள்? அங்கே வேறொரு கேள்வி வருகிறது. ஆண்டிவைரஸ் என்பது கணினியின் எல்லா அறைகளுக்கும் சாவி வைத்திருக்கும் ஆள். அது நம்மைப் பார்ப்பதைத் தடுக்க முடியாது, பார்த்ததை என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். இலவச ஆண்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்களின் இணைய உலாவல் விவரங்களைத் துணை நிறுவனம் ஒன்றின் மூலம் விற்றது 2020-இல் அம்பலமானது. அந்தத் துணை நிறுவனத்தை இழுத்து மூடினார்கள். 2024-இல் அமெரிக்க வணிக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது.

கடைசியில் டிஃபெண்டரையே வைத்துக்கொண்டேன். அது ஒன்றும் ஒசத்தி என்பதால் இல்லை. அதற்கு விற்க வேண்டியது குறைவு, அதனால் பேச்சும் குறைவு. வீட்டில் ஏழெட்டு சாதனங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பவர் பணம் கொடுத்து வாங்கலாம், தப்பில்லை.

வேறொரு ஆண்டிவைரஸ் இருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும், அது போனதும் திரும்பி வரும். வந்ததா என்று பாதுகாப்புப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டு காவலாளிகளை ஒன்றாக வைத்தால் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அன்று அதிக நேரம் போனது மற்ற வேலைகளில்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இந்த லேப்டாப் 11-க்குத் தகுதி பெறவில்லை. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வர, ஓராண்டு நீட்டிப்பில் பதிவு செய்து வைத்தேன். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வானாக்ரை பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே ஒட்டு கொடுத்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அப்புறம் அப்பாவின் கணக்கை நிர்வாகியிலிருந்து சாதாரணக் கணக்காக மாற்றினேன். போட்டோக்களை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். கோப்புறைகளை முன்பின் தெரியாத நிரல்கள் தொடாமல் தடுக்கும் வசதியையும் இயக்கினேன். அது முதல் காரியமாக அப்பாவின் பழைய போட்டோ மென்பொருளையே தடுத்தது. அதற்கு விலக்கு கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

கிளம்பும் முன் ஒரு ஆசை. அசல் எச்சரிக்கை எப்படியிருக்கும் என்பதை அப்பா ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா? இதற்கென்றே ஐகார் சோதனைக் கோப்பு என்று ஒன்று உண்டு. வெறும் 68 எழுத்துகள், எந்தக் கெடுதலும் செய்யாது. ஆனால் வைரஸாக நினைத்துப் பிடிக்க வேண்டும் என்று ஆண்டிவைரஸ் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டவை. நோட்பேடில் ஒட்டிச் சேமித்தேன். சில நொடிகளில் மூலையில் ஒரு சின்னப் பெட்டி, ஆபத்து கண்டறியப்பட்டது என்று. நடவடிக்கை எடுத்தாயிற்று, போன் எண் இல்லை, பணம் கேட்கவில்லை.

"இதுதான்ப்பா நிஜமானது. மத்தது எது கத்தினாலும் தொடாதீங்க."

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பதற்குள் பெட்டி மறைந்துவிட்டது. இன்னொரு தடவை காட்டச் சொன்னார். காட்டினேன்.

"இவ்ளோ மெதுவாச் சொன்னா எனக்கு எப்படிடா தெரியும்?"