வரைவேடு என்று திருத்திய கதை

சில ஆண்டுகளுக்கு முன், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்ட கலை வரலாற்று நூல் ஒன்றைச் செப்பனிடும் பணி என் மேசைக்கு வந்தது. அதில் ஆங்கில ஓவியர் டர்னரைப் பற்றிய இயலில், அவர் ஏறத்தாழ 300 ஓவியப் புத்தகங்களை விட்டுச் சென்றார் என்றொரு வரி இருந்தது. எனக்கு அதில் எந்த நெருடலும் தோன்றவில்லை. முதல் மெய்ப்பில் கையொப்பமும் இட்டுவிட்டேன். மெய்ப்புப் பார்க்கும் மூத்தவர்தாம் ஓரத்தில் பென்சிலால், “இவ்வளவு புத்தகங்களையும் வெளியிட்டது யார்?” என்று கேட்டிருந்தார்.

மூலத்தில் இருந்த சொல் ஸ்கெட்ச்புக். 1851இல் டர்னர் இறந்தபின் நாட்டுடைமையாகி, இன்று லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கும் அவை அச்சேறிய நூல்கள் அல்ல. பயணங்களில் அவர் கையோடு வைத்திருந்த வெற்றுத்தாள் ஏடுகள். மலைகளும் கப்பல்களும் வரையப்பட்ட அதே ஏடுகளில் செலவுக் கணக்கும், போக வேண்டிய வழியும், பாதியில் நின்ற கவிதை வரிகளும் கிடக்கின்றன.

பிழை ‘ஓவியம்’ என்பதில் மட்டும் இல்லை, ‘புத்தகம்’ என்பதிலும் இருந்தது. ஆங்கிலத்தின் புக் என்ற சொல் அச்சிட்ட நூலையும் குறிக்கும், இனிமேல்தான் எழுதப்பட வேண்டிய வெற்றுத்தாள் கட்டையும் குறிக்கும். தமிழில் புத்தகம் என்றவுடன் யாரோ எழுதி முடித்தது என்றே மனம் கொள்கிறது. நாம் எழுதி நிரப்புவதை நோட்டு என்கிறோம், அலுவலகத் தமிழிலோ ஏடு என்கிறோம். பேரேடு, பதிவேடு, குறிப்பேடு ஆகியவற்றின் வரிசையில் வரைவேடு என்று திருத்தினேன். சங்க இலக்கியம் படித்த சக ஊழியர் ஒருவர், வரைவு என்றால் திருமணம் அல்லவா, இது தலைவன் வரைவு கடாவப்பட்டு, அதாவது மணம் செய்துகொள்ளும்படி வற்புறுத்தப்பட்டு, வாங்கிய ஏடா என்று கேலி செய்தார். சட்ட வரைவு என்னும்போது முற்றுப்பெறாத முன்வடிவம் என்ற பொருளும் அச்சொல்லுக்கு இருப்பதால், எனக்கு அது இன்னும் பொருத்தமாகவே பட்டது.

ஏனெனில் ஸ்கெட்ச் என்ற சொல்லின் வேரே அந்த முற்றுப்பெறாமைதான். 17ஆம் நூற்றாண்டில் டச்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல், அதற்குமுன் இத்தாலியத்திலும் இலத்தீனிலும் புழங்கியது. கிரேக்க மூலத்தில் அதற்கு, முன்னேற்பாடின்றி அந்த நேரத்தில் செய்தது என்று பொருள். நம் ஊரில் ஸ்கெட்ச் என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்கு வண்ணப் பேனா. ‘ஸ்கெட்ச் போட்டுவிட்டான்’ என்றாலோ ஒருவரைத் தீர்த்துக்கட்டத் துல்லியமாகத் திட்டமிட்டுவிட்டான் என்று பொருள். மூலப் பொருளுக்கு இதைவிட நேர் எதிராக ஒரு சொல் திரும்ப முடியுமா என்று தெரியவில்லை.

அந்த நாட்களில் எங்களுக்கு அட்டைப்படம் வரைந்து தந்த இளம் ஓவியரிடம் அவருடைய ஏட்டைக் காட்டும்படி கேட்டேன். சிறிது தயங்கி, “பாருங்க சார், ஆனா இதுல இருக்கிறது எதுவும் படம் இல்ல” என்று கொடுத்தார். ஒரு பக்கம் முழுவதும், பேருந்துக்கு நிற்கும் ஒரு பெண்ணின் குதிகால். செருப்பிலிருந்து அது சற்றே எழும்பும் கோணத்தை ஐந்து முறை முயன்று, நான்கை அடித்திருந்தார். கீழ் மூலையில், தேநீர்க் கறைக்குள், மின்கட்டணம் கட்ட வேண்டிய தேதி. பார்வைக்கு வைப்பதற்காக அன்றி, கை பழகுவதற்காக நிரப்பப்படும் ஏடு அது என்பதை எந்த அகராதியும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை.

மறு ஆண்டு, அமெரிக்க இலக்கிய வரலாறு ஒன்றைச் செப்பனிட்டபோது ஸ்கெட்ச்புக் என்ற அதே சொல் மீண்டும் எதிர்ப்பட்டது. வாஷிங்டன் இர்விங் 1819, 1820ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்ட தொகுப்பின் தலைப்பில் அது இருந்தது. அவர் சூடிக்கொண்ட புனைபெயரிலும் கிரேயான் என்ற வரைகோலே இருந்தது. முன்னர் கற்ற பாடத்தின் தெம்பில், சற்றும் யோசியாமல் வரைவேடு என்று போட்டேன். மூத்தவரின் பென்சில் இம்முறையும் ஓரத்தில் காத்திருந்தது: “இதில் படமே இல்லையே?”

உண்மைதான். அது கட்டுரைகளும் கதைகளும் அடங்கிய நூல். பயணி ஒருவன் கண்டதைச் சொற்களால் விரைந்து தீட்டியதாகப் பாவனை செய்வதால் அப்பெயர் பெற்றது. பின்னாளில் ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே பாரிஸைப் பற்றி எழுதிய 1840ஆம் ஆண்டு நூலுக்கும் அச்சொல்லையே தலைப்பில் வைத்தார். இந்தப் பொருளுக்குத் தமிழில் புதுச்சொல் தேட வேண்டிய தேவையே இல்லை, எழுத்தாளர் வ. ரா. எழுதியவற்றை நடைச்சித்திரம் என்றுதானே சொல்லி வந்திருக்கிறோம். வரைவேட்டை அடித்துவிட்டு நடைச்சித்திரத் தொகுப்பு என்று எழுதி மெய்ப்பைத் திருப்பி அனுப்பினேன். அதைத் தட்டச்சு செய்த தம்பி, “போன தடவை வரைவேடுன்னு மாத்தச் சொன்னீங்களே சார், எதை வைக்கட்டும்?” என்று கேட்டபடி வந்து நின்றார்.