கூட்டாறுக்குக் கீழே

சார்ட்டில் ஆற்றை மாநில எல்லை செக்போஸ்டோடு நிறுத்தக் கூடாது. இதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் சார்ட் திருத்த உட்காரும்போதெல்லாம் அந்த அப்பா கேட்டது முன்னால் வந்து நிற்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் பாம்பாற்றை அதன் கிளையாறுகளோடு வரையச் சொல்லியிருந்தேன். கேரளப் பக்கத்துக் காந்தளூர்ப் பையன் ஒருவன் நன்றாகவே வரைந்திருந்தான். ஆனைமுடிப் பக்கத்துப் புல்மேட்டில் தொடங்கி மறையூர் வழியாக இறக்கி, தூவானத்தில் அருவிக்கு மூன்று சின்னக் கோடு. காந்தளூர் ஓடைகளை மட்டும் நீல ஸ்கெட்சால் அழுத்தி அழுத்தித் தேய்த்ததில் தாள் பஞ்சு பஞ்சாக எழும்பியிருந்தது. கூட்டாறில் சின்னாறு வந்து சேர்கிறதா, அதோடு சரி. குறுக்கே ஒரு கம்பு போட்டு ‘செக்போஸ்ட்’ என்று எழுதிவிட்டான்.

“தண்ணிக்கு என்னடா செக்போஸ்ட்? கரூர் வரைக்கும் வரைஞ்சு கொண்டா” என்றேன். வகுப்பே சிரித்தது.

சொன்னதில் என்ன தப்பு? கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே ஓடுபவை கபினி, பவானி, பாம்பாறு மூன்றும்தான். மூன்றும் காவிரிக்குப் போகிறவை. பாம்பாறும் சின்னாறும் தேனாறும் சேர்ந்தால்தான் அமராவதி. அணையைத் தாண்டிய பிறகு குதிரையாறு, சண்முகா நதி, நங்காஞ்சியாறு, குடகனாறு என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்து, கரூருக்குப் பக்கத்தில் திருமுக்கூடலூரில் காவிரியில் கலக்கிறது. இத்தனையையும் வெட்டிவிட்டு எல்லையோடு நிறுத்தினால் அதற்கு ஆறு என்று பெயரா? எந்தப் புவியியல் வாத்தியாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

மறுவாரம் அவன் அப்பா வந்தார். பூண்டுக் காட்டிலிருந்து நேராக வந்திருப்பார் போல, நகக்கண்ணெல்லாம் மண். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“கரூர் வரைக்கும் வரையச் சொன்னீங்களாம்.”

“ஆமாண்ணே, ஆறு அங்கதானே போய்ச் சேருது.”

“போகுது சார், அது எங்களுக்கும் தெரியும். பட்டிசேரியப் போடச் சொன்னீங்களா?”

பட்டிசேரி காந்தளூர் அணை. அதைச் சொல்லவில்லை. அமராவதி அணையைக் கட்டாயம் குறிக்க வேண்டும் என்று போர்டில் எழுதிப் போட்டிருந்தேன்.

“அது புத்தகத்துல இல்லையேண்ணே” என்றேன்.

“கரூர் மட்டும் இருக்கா?”

இல்லைதான். கேரள வரைபடம் எல்லையோடு முடிந்துவிடும். கரூர் நானாகச் சேர்த்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர், “உங்க மாமனாருக்கு வயல் கொழுமத்துலதானே சார்?” என்றார். கோபமே இல்லை, ஊர் விசாரிக்கிற தொனிதான். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பேன்.

சத்தியமாக மாமனார் வயலை நினைத்துக்கொண்டு நான் அந்தப் பாடத்தை நடத்தவில்லை. நினைக்காமலே அப்படி வந்துவிட்டதா என்று கேட்டால்தான் தடுமாறுகிறேன். அணைக்குக் கீழே கொழுமத்தில் நெல் போட்டுவிட்டு, அணை 90 அடியில் எத்தனை அடி நிற்கிறது என்று தினமும் பேப்பர் பார்க்கிற வீட்டில் பெண் எடுத்தவன் நான். என் கண்ணில் இந்த ஆறு எப்போதும் கீழே போய்க்கொண்டேதான் இருந்திருக்கும் போல.

அவர் பார்க்கிற ஆறு வேறு. மூணாறில் கொட்டித் தீர்க்கிற தென்மேற்கு மழை முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதற்குள் வற்றிவிடுகிறது. சின்னாறுப் பக்கம் வருடத்துக்கு 500 மி.மீ. அளவில்தான். மழை மறைவுப் பிரதேசம் என்று நான் ஒரு வரியில் நடத்திவிட்டுப் போகிறதில் அவர் பூண்டு விளைய வேண்டும். காவிரி நடுவர் மன்றம் 2007 தீர்ப்பில் கேரளத்துக்கு ஒதுக்கியது 30 டி.எம்.சி. கபினிக்கு 21, பவானிக்கு 6, பாம்பாற்றுக்கு 3. அந்த மூன்றைக் காட்டித்தான் காந்தளூரில் பட்டிசேரி அணைக்கு 2014-ல் அடிக்கல் நாட்டினார்கள். உடனே தமிழ்நாடு எதிர்த்தது. மேலே பூண்டு போடுகிறவரும் தமிழர், கீழே நெல் போடுகிறவரும் தமிழர். சென்னைக்கும் திருவனந்தபுரத்துக்கும் இது புரியுமா என்று தெரியவில்லை.

இதையெல்லாம் ஒன்பதாம் வகுப்பில் எப்படிச் சொல்வது? ஆற்றின் போக்கைச் சொல்வது என் வேலை, பங்கு பிரிப்பது என் வேலையில்லை. இப்படித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். ஆனால் அமராவதி அணையும் யாரோ கட்டியதுதானே, அது தானாக முளைத்ததா?

பொங்கலுக்குப் போனபோது மாமனாரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. “பட்டிசேரியவும் புள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் போறீங்களா மாப்ள?” என்று மட்டும் கேட்டுவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார். மனைவி அன்றைக்கு என்னோடு சரியாகப் பேசவில்லை.

அந்தப் பையன் கடைசிவரை கரூருக்கு வரையவில்லை. கூட்டாறுக்கு மேலே பட்டிசேரியைச் சிவப்பில் குறித்து, கம்பை அழிக்காமல் அப்படியே கொண்டு வந்து வைத்தான். முழு மார்க் போட்டேன். மேலே இருக்கிற ஓடைகளை அவனளவுக்கு யாரும் போடவில்லை, அதனால் அது நியாயம்தான். ஆனால் குடகனாறு வரை ஒன்று விடாமல் வரைந்து கொண்டுவந்த கோவில்கடவுப் பெண்ணுக்கும் அதே மார்க். அவள் இரண்டு சார்ட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, “எப்படி சார்?” என்றாள். பெல் அடித்துவிட்டது. அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.