நுரையை ஒதுக்கிவிட்டு நீரை எடுங்கள்

கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி நிற்கும்போது ஓசூர்ப் பக்கம் எழும் கேள்வி ஒன்றுதான்: தண்ணீரில் டிடர்ஜென்ட் எவ்வளவு? மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தை வைத்து அளக்கும் முறை அதற்குப் பதில் சொல்லும். ஆனால் ஆற்றங்கரையிலேயே தப்பு நடந்துவிடுகிறது. டிடர்ஜென்ட் நுரையில் செறிந்து கிடக்கும். நுரையோடு மொண்டால் அளவு எகிறும். நுரையை ஒதுக்கி, நீர்மட்டத்துக்குக் கீழே பாட்டிலை அமிழ்த்தி, குலுங்காமல் நிரப்புங்கள். பாட்டிலோ புனலோ சோப்பில் கழுவியதாக இருந்தால் அந்தச் சோப்பைத்தான் அளப்பீர்கள். ஆல்கஹாலில் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு அலசுங்கள்.

சாயம் நேர்மின் அயனி, டிடர்ஜென்ட் எதிர்மின் அயனி. இரண்டும் ஜோடி சேர்ந்தால் குளோரோஃபார்மில் இறங்கும். ஜோடி கிடைக்காத சாயம் நீரிலேயே தங்கும்.

பிரிபுனலில் (அடியில் திறப்புக் குழாய் உள்ள புனல்) 100 மி.லி. மாதிரி எடுத்து, நிறங்காட்டியான பினாஃப்தலீன் இரண்டு சொட்டு விடுங்கள். காஸ்டிக் சோடா விட்டு இளஞ்சிவப்பாக்கி, கந்தக அமிலத்தால் அந்த நிறத்தைப் போக்குங்கள். 25 மி.லி. மெத்திலீன் புளூ கரைசல், 10 மி.லி. குளோரோஃபார்ம் சேர்த்து 30 விநாடி குலுக்குங்கள். இடையிடையே குழாயைத் திறந்து காற்றை விடுங்கள். எல்லாம் ஃபியூம் ஹூட் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு) உள்ளே. ஓங்கிக் குலுக்கினால் பால்போல் குழம்பி அடுக்கு பிரியாது. அப்போது கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கைகொடுக்கும். மேலடுக்கின் நீலம் வெளுத்துவிட்டதா? சாயம் போதவில்லை. அதைக் கொட்டிவிட்டுக் குறைந்த மாதிரியில் மறுபடி தொடங்குங்கள்.

அடியில் தங்கும் குளோரோஃபார்மை இறக்கி, இன்னும் இரு முறை 10 மி.லி. குளோரோஃபார்ம் வீதம் விட்டுப் பிரித்து, எல்லா குளோரோஃபார்மையும் சேர்த்து 50 மி.லி. கழுவு கரைசலோடு குலுக்குங்கள். அந்தக் கரைசலில் லிட்டருக்கு 6 நார்மல் செறிவுள்ள கந்தக அமிலம் 41 மி.லி., மோனோசோடியம் பாஸ்பேட் 50 கிராம். அவசரத்தில் இந்தக் கழுவலைத் தாண்டிப் போகாதீர்கள். தர்மபுரிப் பக்கத்து உவர் போர் தண்ணீரில் குளோரைடும் நைட்ரேட்டும் இருந்தால் அவையும் சாயத்தை இழுத்து வந்திருக்கும். அந்த ஜோடி பலவீனமானது. கழுவும்போது பெரும்பாலும் நீருக்கே திரும்பிவிடும். கழுவாமல் நீலத்தை அளந்தால் இல்லாத டிடர்ஜென்ட் தெரியும்.

கழுவிய கரைசலையும் இருமுறை 10 மி.லி. குளோரோஃபார்மில் பிரித்து, எல்லா குளோரோஃபார்மையும் கண்ணாடிப் பஞ்சு வழியாக 100 மி.லி. குடுவையில் இறக்கி, குளோரோஃபார்மால் குறிவரை நிரப்பி, நிறமானியில் 652 நானோமீட்டர் ஒளியில் நீலத்தின் அளவைப் படியுங்கள்.

சாக்கடை நாற்றம் அடிக்கும் மாதிரியில் சல்ஃபைடு சாயத்தை வெளுக்கும். முதலிலேயே சில சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விடுங்கள். துணி கண்டிஷனரில் வரும் நேர்மின் பொருள்கள் டிடர்ஜென்டைப் பிடித்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும்.

குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 ஏற்கும் டிடர்ஜென்ட் அளவு லிட்டருக்கு 0.2 மி.கி.; வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.0 வரை. 0.2 அருகே இருக்கும் என்று தோன்றினால் 250 மி.லி. மாதிரி எடுங்கள். 100 மி.லி.யில் 20 மைக்ரோகிராம்தான் இருக்கும். அந்த வெளிர் நீலத்தை பிளாங்கிலிருந்து (மாதிரி சேர்க்காத வெற்றுச் சோதனை) பிரித்தறிவது கடினம்.