மாடியில் சுரை: இரண்டு பட்டம், ஏழு காய்

முதல் பட்டத்தில், அதாவது முதல் விதைப்புப் பருவத்தில், ஒரு காய்கூட இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுரைக்காய் மேல் எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. அம்மா போனபிறகு லால்குடிப் பக்கத்து ஊரிலிருந்து அப்பாவை அம்பத்தூர் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தேன். நாற்பது வருஷம் நெல்லும் வாழையும் பார்த்தவர், பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொட்டைமாடியில் ஏதாவது செடி வைத்தால் மேலே ஏறி வருவார் என்று கணக்குப் போட்டேன்.

ஆடிப்பெருக்கன்று, முந்தின ராத்திரி ஊறவைத்த விதைகளை ஊன்றினேன். ஆறாம் நாள் முளைத்தது. செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம அளவு. 20 லிட்டர் பை இரண்டு. (சுரைக்கு இது போதாது. இரண்டாம் முறை 40 லிட்டர் டிரம்முக்கு மாறினேன்.) கொடி ஆறடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டேன். பக்கக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம் வரும். நாற்பத்தைந்து நாளில் பூத்தது. முதலில் எல்லாம் ஆண் பூ, நீளக் காம்பில் தனியாக நிற்கும். பத்து நாள் கழித்துப் பெண் பூ. அதன் அடியில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு குட்டிச் சுரைக்காய், பூ விரிவதற்கு முன்பே இருக்கும். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தது. பதினொரு பிஞ்சு.

நான் சும்மா இருக்கவில்லை. பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி, ஒரு வாரம் மீன் அமிலம், பூ உதிராமல் இருக்கத் தேமோர் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் புளிக்கவைத்தது), பூச்சிக்கு வேப்பெண்ணெய். "அந்தச் செடி நம்மளவிட நல்லா சாப்பிடுது" என்றாள் மனைவி. வீடியோ பார்த்து, ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தொட்டுவைக்கவும் செய்தேன், தினமும் காலை ஏழு மணிக்கு, ஆபீஸ் கிளம்பும் முன்னால். ஒன்றும் நிற்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னுடையது செல்போன் சுரைக்காய். ஐப்பசி மழையில் கொடியே அழுகிப்போனது.

இத்தனை நாளில் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நெல்காரருக்குச் சுரையைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு ஒரு காரணம். எங்களுக்குள் பேச்சு என்பது "மாத்திரை போட்டீங்களா", "சாப்டியா" என்ற இரண்டே கேள்விதான் என்பது இன்னொன்று. அவரும் மாடிப்படி ஏறவில்லை.

தைப்பட்டத்தில் மறுபடி விதைத்தேன். மார்ச் மாதம் பெண் பூ வர ஆரம்பித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரண்ட் போனதால் காற்றுக்காக எல்லோரும் மாடிக்குப் போனோம். ஆறரை இருக்கும். கொடி படர்ந்த வலையில், காலையில் வாடித் தொங்கிக்கொண்டிருந்த பூக்களுக்குப் பக்கத்தில், புதிதாக நாலைந்து பூ வெள்ளை வெளேரென்று விரிந்துகொண்டிருந்தது. அந்தச் செடியை அந்த நேரத்தில் நான் பார்த்ததே இல்லை. தினமும் வீடு திரும்ப எட்டரை ஆகும்.

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். "உங்கம்மா வெளக்கு வச்சதும் பந்தல் பக்கம் போயிடுவா. கையில டார்ச்சோட."

"எதுக்குப்பா?"

"தெரியலடா. காத்து வாங்கப் போறான்னு நெனச்சேன். கொல்லைக் காயெல்லாம் அவ பாத்துக்கிட்டது. நான் கேட்டதில்ல."

எனக்குச் சுருக்கென்று உறைத்தது. நான் பார்த்த வீடியோ பூசணிக்கு. பூசணிப் பூ மஞ்சள், விடியலில் விரியும், தேனீ வரும். சுரைப் பூ வெள்ளை, பொழுது சாயத்தான் விரியும், ராத்திரிப் பூச்சிகளை நம்பியிருப்பது. ஒரு பட்டம் முழுக்க நான் காலையில் போய்த் தொட்டுக்கொண்டிருந்தது முந்தின நாள் முடிந்துபோன பூக்களை. அம்மா டார்ச்சோடு போனது இதற்குத்தானா, இல்லை, நிஜமாகவே காற்று வாங்கத்தானா என்று இனி யாரிடம் கேட்பது?

அன்றைக்கு அப்பா செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தார். நான் ஓர் ஆண் பூவின் இதழ்களைப் பிய்த்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தை இரண்டு பெண் பூவில் மெல்லத் தடவினேன். நாலாம் நாள் இரண்டில் ஒன்றின் காம்பு தடித்துப் பிஞ்சு தலைகுனிந்தது. உதிராமல் நின்றுவிட்டது, காய் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

அதற்குப்பிறகு வாரத்தில் மூன்று நாளாவது ஐந்து மணிக்கே கிளம்பினேன். மேலதிகாரியிடம் சொன்ன காரணத்தை இங்கே எழுதப்போவதில்லை. முடியாத நாட்களில் அப்பாவே மேலே போய்ச் செய்தார். ஆறே முக்காலுக்குப் போன் வரும். "மூணு பூ. ஒண்ணுக்கு ஆண் பூ பத்தல." தினசரிக் காலண்டர் தாளில் பென்சிலால் குறித்தும் வைத்தார். அவர் கணக்குப்படி தொட்டது பன்னிரண்டு, உதிர்ந்தது மூன்று, பழ ஈ குத்தி அழுகியது இரண்டு. மூன்றாவது பிஞ்சிலிருந்து பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டினோம். அந்த யோசனையும் அவருடையதுதான். நின்ற காய் ஏழு.

முதல் காயைப் பதினாலாம் நாள் அறுத்தோம். நகம் சுலபமாக இறங்கியது. 850 கிராம். சுரைக்காயைச் சமைக்கும்முன் பச்சையாக ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், கசப்புச் சுரை விஷம். இதையும் நான் வீடியோவில்தான் பார்த்திருந்தேன். நான் சொல்வதற்குள் அப்பா ஒரு துண்டை நறுக்கி வாயில் போட்டுக்கொண்டார். மெல்ல மென்றார்.

"கசக்கல" என்றார். "பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைக்கச் சொல்லு. அவ அப்படித்தான் வைப்பா."