தடைக்காலத்தில் ஓர் ஆபரேஷன்

எனக்கு இருப்பது ஹெர்னியா, அதாவது குடலிறக்கம், என்று கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆனது. ஆபரேஷன் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதனால் அந்த ஏழு மாதத்தைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

ஊர் தங்கச்சிமடம். விசைப்படகில் இருபத்திரண்டு வருடமாகப் போகிறேன், கடைசி எட்டு வருடம் டிரைவர். டிரைவர் என்றால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஐந்து பேர் போகிற படகில் மடி, அதாவது மீன் விழுந்த வலைப்பை, ஏறும்போது எல்லாரும்தான் இழுக்க வேண்டும். கம்பியை வின்ச் மெஷின் சுருட்டும், மடியைப் படகுக்குள் தூக்கிப்போடுவது கைகள்தான். சங்காயம் (விலை போகாத கழிவு மீன்) நிறைய விழுந்த நாளில் இடுப்பு விட்டுப்போகும்.

2024 செப்டம்பரில் ஒருநாள் அப்படி இழுக்கும்போது தொப்புளுக்கு இடதுபக்கம், நாலு விரல் கீழே சரிவாக, சுள்ளென்று பிடித்தது. ஐஸ் பெட்டி மூடிமேல் படுத்தேன். அரைமணி நேரத்தில் போய்விட்டது. எழுந்து அடுத்த மடிக்கு வேலை பார்த்தேன். அதோடு விட்டிருக்கலாம், ஆனால் அடுத்த வாரமும் வந்தது. திங்கள், புதன், சனி கடலுக்குப் போகிற நாட்களில் வரும். கரையில் இருக்கும் நாட்களில் இருக்காது. இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? “அண்ணனுக்கு வேலைக்குப் போனாத்தான் வலி வருது” என்று படகில் பையன்கள் கேலி செய்தார்கள். வீட்டில், “வீக்கம் இல்ல, காய்ச்சல் இல்ல, வாந்தி இல்ல. மொதல்ல பீடிய விடுங்க” என்றாள் மனைவி. பீடி விஷயத்தில் அவள் சொன்னது சரி என்று பிறகு தெரிந்தது, அது வேறு கதை.

முதலில் போன கிளினிக்கில் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாவது இடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். கல் எதுவும் இல்லை, ஆனாலும் “இறங்கியிருக்கும்” என்றார்கள். இரண்டு மாதம் வாழைத்தண்டுச் சாறு குடித்தேன். பிறகு எண்ணெய் போட்டு வயிறு நீவிவிடுகிற ஒரு பெரியவரிடமும் போனேன். குடல் ஏறிக்கிடக்கிறது என்று அழுத்தி அழுத்தி நீவினார். இதை மட்டும் செய்யாதீர்கள். உள்ளே குடல் சிக்கியிருந்தால் என்ன ஆகும் என்று பின்னால் டாக்டர் சொன்னபோது எனக்கு வேர்த்துவிட்டது. சுற்றிச் சுற்றி ஒன்பதாயிரம் ரூபாய் போனது.

மார்ச்சில் அரசு மருத்துவமனைக்குப் போனேன். ஓபியில் ஒரு இளம் டாக்டரம்மா. நான் வாயைத் திறக்குமுன், “அண்ணே, ஒத்த விரலால காட்டுங்க, எங்க வலிக்குது?” என்றார். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. காட்டினேன். படுக்கவைத்து அந்த இடத்தை அழுத்தினார், லேசாக வலித்தது. அழுத்திக்கொண்டே தலையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன், உயிர் போனது. வயிற்றை இறுக்கும்போது வலி கூடினால் கோளாறு உள்ளே இல்லை, வயிற்றுச் சுவரிலேயே இருக்க வாய்ப்பு அதிகம் என்று விளக்கினார். ஸ்கேன் சீட்டில் ஒரு வரி சேர்த்து எழுதினார். நிற்கவைத்து, இருமவைத்துப் பார்க்கவும் என்று.

அந்த ஒரு வரியில்தான் விஷயம் இருந்தது. முன்பு ஸ்கேன் எடுத்தபோது நான் படுத்திருந்தேன். படுத்தால் அது உள்ளே போய்விடுகிறது. நின்று இருமியதும் திரையில் இரண்டரை சென்டிமீட்டர் ஓட்டை திறந்ததையும் கொழுப்பு அதில் பிதுங்கியதையும் நானே பார்த்தேன். பிறகு சிடி ஸ்கேனும் அதையே சொன்னது.

பெயர் ஸ்பைஜீலியன் ஹெர்னியா. வயிற்றுச் சுவரில் பக்கவாட்டில் மூன்று அடுக்குச் சதை இருக்கிறதாம். எனக்கு உள் இரண்டு அடுக்கில் விலகல், வெளி அடுக்கு முழுசாக இருந்தது. அதனால் துருத்தியது அடுக்குகளுக்கு நடுவிலேயே ஒளிந்துகொண்டது, வெளியே வீக்கம் தெரியவில்லை. வயிற்றுச் சுவரில் வரும் ஹெர்னியாக்களில் நூற்றில் ஒன்றிரண்டுதான் இந்த வகை. நர்சிங் படிக்கும் என் மகள் அன்று ராத்திரியே தேடிப் படித்துவிட்டாள். பெயருக்குக் காரணமான ஸ்பீகல் என்பவர் இத்தாலியில் பாதுவாவில் உடற்கூறு சொல்லிக்கொடுத்தவர், 1625-இல் இறந்தவர். அவர் சொன்னது அந்த இடத்தில் ஓடும் கோட்டைப் பற்றி மட்டும்தான். ஹெர்னியாவை 1764-இல் கிளிங்கோஷ் என்று இன்னொருவர் எழுதினாராம். “பாவம், கண்டுபிடிச்சவரு ஒருத்தர், பேரு இன்னொருத்தருக்கு” என்றாள். எங்கள் கடலிலும் அப்படித்தான், மீனைக் காட்டிக்கொடுத்தவன் பெயரில் எந்தப் பாரும் (மீன் கூடும் கடலடிப் பாறை) இல்லை.

ஓட்டையின் வாய் குறுகல் என்பதால் குடல் போய்ச் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம், தள்ளிப்போட வேண்டாம் என்றார்கள். விடாத வலி, வாந்தி, காற்றுப் பிரியாமல் வயிறு உப்புதல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஓடிவர வேண்டும். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கடல். கச்சத்தீவுப் பக்கம் நிற்கும்போது சிக்கினால் கரைக்கு வர எத்தனை மணி நேரம்? அதோடு இலங்கை நேவி பயம் வேறு.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். ஆபரேஷனை அதற்குள் வைத்தால் தொழில் நட்டம் இல்லை. டாக்டர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார், ஆனால் அதுவரை படகேறக் கூடாது, பீடியை இன்றோடு விட வேண்டும் என்றார். நாலு வாரமாவது விட்டால்தான் மயக்கத்துக்கு நுரையீரல் ஒத்துழைக்கும். பிறகு இருமல் வந்தால் தையல் தாங்காது. விட்டேன். முதல் பத்து நாள் என் முகத்தில் யாரும் முழிக்கவில்லை.

நடுவில் காப்பீட்டு அட்டை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசுக்குப் போனால், ஆதாரில் என் பெயரில் ‘எச்’ இருக்கிறது, ரேஷன் கார்டில் இல்லை. அந்த ஓர் எழுத்துக்கு மூன்று முறை பஸ் ஏறினேன். கார்டு தேவைப்படுகிறவர்கள் வலி வருமுன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 21, ஈஸ்டருக்கு மறுநாள் அட்மிஷன். அன்று மதியம்தான் போப் பிரான்சிஸ் இறந்த செய்தி வந்தது. பக்கத்துக் கட்டிலில் தொண்டிக்காரர் ஒருவர், பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு வந்தவர். அவர்தான் தன் போனில் காட்டினார். “ஒங்க பெரியவரு மவுத்தாயிட்டாரு” என்றார் பாய் மெதுவாக.

மயக்க மருந்து டாக்டர் பார்த்தார், ஈசிஜி, எக்கோ, ரத்தம் எல்லாம் ஆனது. கையெழுத்து வாங்கும்போது ஒன்று சொன்னார்கள்: குடல் ஒட்டிக்கிடந்தால் லேப்ராஸ்கோப்பியை (சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்வது) நிறுத்திவிட்டு வயிற்றைத் திறந்து செய்ய வேண்டியிருக்கும், அதற்கும் சேர்த்துத்தான் சம்மதம். ஏன் முதலிலேயே திறக்கவில்லை என்று கேட்டேன். வெளியே தெரியாத ஓட்டையை வெளியிலிருந்து தேடுவதைவிட உள்ளேயிருந்து கேமராவில் பார்ப்பது சுலபம், வேறு ஓட்டை இருந்தாலும் தெரிந்துவிடும் என்றார் பெரிய டாக்டர்.

“ஓட்டைய மூடி, மேல வலை வைப்போம்.”

“வலைன்னா கண்ணி என்ன அளவு சார்?”

அவர் சிரித்துவிட்டு ஒரு மாதிரித் துண்டை எடுத்து வரச் சொன்னார். கையில் வாங்கிப் பார்த்தேன். பாலிப்ரொப்பிலீன், எங்கள் கயிறும் அதே சாமான்தான். சதை வளர்ந்து கண்ணிக்குள் பின்னிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் கண்ணியே. கிழிந்த இடம் இரண்டரை சென்டிமீட்டர். வலையோ பதினைந்துக்குப் பதினைந்து. கிழிசலை மட்டும் இழுத்துத் தைத்தால் பக்கத்தில் கிழியும், சுற்றிலும் தாராளமாக விட்டுத்தான் ஒட்டுப்போட வேண்டும் என்றார். வலை பொத்துகிறவனுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? அதற்குப் பிறகு எனக்குப் பயம் பாதி குறைந்தது. வலை குடலில் ஒட்டக் கூடாது என்பதால் உள்சவ்வைப் பிரித்து, அதற்கு வெளிப்பக்கம் வலையை விரித்து, சவ்வைத் திரும்ப மூடிவிடுவார்கள்.

23-ஆம் தேதி காலை. கண் விழித்தபோது தொண்டை எரிந்தது, குழாய் போட்டதால். வயிற்றில் மூன்று சின்ன பிளாஸ்திரி, வலது பக்கத்தில்! தப்பான பக்கம் போட்டுவிட்டார்களோ என்று நர்சைக் கூப்பிட்டேன். இடதுபக்கம் வேலை பார்க்க வலதுபக்கமிருந்துதான் போக வேண்டும் என்றார். படகிலிருந்து தூர எறிந்தால்தானே வலை விரியும், சரி.

யாரும் முன்கூட்டிச் சொல்லாதது தோள் வலி. ராத்திரி வலது தோளில் அப்படி ஒரு வலி, மாரடைப்பு என்றே நினைத்தேன். வயிற்றை உப்பவைக்கக் கார்பன் டை ஆக்சைடு அடைக்கிறார்கள். மிச்சமிருப்பது உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம். “எந்திரிச்சு நடங்க, ரெண்டு நாள்ல போயிரும்” என்றார் நர்ஸ். வராண்டாவில் நடந்தேன், போனது. மறுநாள் இட்லி, மூன்றாம் நாள் வீடு. பாம்பன் பாலம் ஏறி இறங்கும்வரை பஸ்ஸில் தலையணையை வயிற்றோடு கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தேன். இருமினாலும் தும்மினாலும் அதே தலையணைதான்.

பதினைந்தாம் நாள் அதே இடத்தில் எலுமிச்சை அளவு வீக்கம். ஏழு மாதமாகத் தெரியாத வீக்கம் இப்போது வந்துவிட்டது! தையல் விட்டுப்போச்சு என்று மனைவி அழுதுவிட்டாள். ஸ்கேனில் பார்த்தால் வெறும் நீர். வலை வைத்த இடத்தில் சிலருக்குக் கோக்கும், ஊசியால் எடுக்கத் தேவையில்லை, தானாக வற்றும் என்றார்கள். ஜூன் முதல் வாரத்தில் வற்றிவிட்டது.

ஆறு வாரம் ஐந்து கிலோவுக்குமேல் தூக்கக் கூடாது, மடி இழுப்பது மூன்று மாதத்துக்குப் பிறகுதான். ஆகவே தடை முடிந்து படகுகள் கிளம்பியபோது நான் ஜெட்டியில் நின்றேன். ஐஸ் ஏற்றுகிற இடத்தில் பழக்கதோஷத்தில் ஒரு கேனைப் பிடித்தேன். “அண்ணே, வைங்க கீழ” என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கேலி செய்த அதே பையன்கள். ஜூலை கடைசியில் படகேறினேன், சுக்கான் மட்டும். இப்போதும் மடி ஏறும் நேரத்தில் கை தானாகக் கயிற்றுப் பக்கம் போகிறது, பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறேன். பாக்கெட்டில் இப்போது பீடிக்கட்டு இல்லை, கடலைமிட்டாய் இருக்கிறது.