நுங்கம்பாக்கத்தை நீக்கினேன், கோடம்பாக்கம் தப்பியது

பகலில் கிண்டியில் கணக்கு வேலை, இரவில் பைதான் என்ற நிரல்மொழி படிப்பு. பலவற்றை வரிசையாக வைக்கும் லிஸ்ட் பற்றிய பாடம் வந்தபோது ஆப்பிள், ஆரஞ்சு என்ற உதாரணங்களில் மனம் ஒட்டவில்லை. தினமும் போகும் மின்சார ரயில் வழியையே ‘நிலையங்கள்’ என்ற பெயரில் லிஸ்டாக எழுதினேன்: எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம். பைதான் 3 தமிழ் எழுத்துகளை அப்படியே ஏற்றுக்கொண்டதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

லிஸ்டிலிருந்து ஒன்றை நீக்க ரிமூவ், பாப், டெல் என்ற கட்டளைகள் உண்டு. ரிமூவ் பெயரைக் கேட்கும். அந்தப் பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் வருவது மட்டும் போகும். இல்லவே இல்லை என்றால் வேல்யூ எரர் என்ற பிழைச் செய்தி வரும். பாப் இடத்தைக் கேட்கும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் பாப்(1) என்றால் சேத்துப்பட்டை எடுத்து நம் கையில் தரும். எண் கொடுக்காவிட்டால் கடைசி நிலையத்தை எடுக்கும். டெல் எதையும் திருப்பித் தராது, நீக்கிவிட்டுப் போய்விடும்.

இவையெல்லாம் ஒரே மாலையில் பிடிபட்டுவிட்டன. என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. லிஸ்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லும் லூப் ஓடும்போது அதே லிஸ்டிலிருந்து நீக்காதீர்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று கண்ணால் பார்க்க வேண்டும் எனக்கு. ‘பாக்கம்’ என முடியும் பெயர்களை நீக்கும்படி ஃபார் லூப்புக்குள் ரிமூவ் எழுதி ஓட்டினேன். நுங்கம்பாக்கம் போனது. கோடம்பாக்கம் அசையாமல் இருந்தது!

ஒவ்வொரு சுற்றிலும் லிஸ்டை அச்சிட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. ரேஷன் கடை வரிசையில் ஒருவர் விலகினால் பின்னால் நிற்பவர் அந்த இடத்துக்கு வந்துவிடுவார் அல்லவா? நுங்கம்பாக்கம் இருந்தது 2ஆம் இடம். அது போனதும் கோடம்பாக்கம் 2க்கு நகர்ந்துவிட்டது. லூப்போ அடுத்து 3ஐப் பார்க்கப் போனது; அங்கே மாம்பலம். கோடம்பாக்கத்தை அது பார்க்கவே இல்லை. பிழைச் செய்தியும் வராது என்பதுதான் கவலைக்குரியது. பெரிய கணக்கில் இப்படி ஒரு வரி தங்கிவிட்டால் யார் கண்டுபிடிப்பது?

லிஸ்டின் நகலை லூப்புக்குக் கொடுத்து, அசலில் நீக்குவது ஒரு வழி. எனக்குப் பிடித்தது லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன். எதை நீக்குவது என்று தேடாமல், எவை இருக்க வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அது புதிய லிஸ்டைத்தான் உருவாக்கும். அதனால் பழைய லிஸ்டையே வேறொரு பெயரும் சுட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பெயரில் கேட்கும்போது இரண்டு பாக்கங்களும் அப்படியே இருக்கும். அங்கேயும் மாற்றம் தெரிய வேண்டுமானால் சமக்குறிக்கு இடப்பக்கம் நிலையங்கள்[:] என்று எழுதி, அதே லிஸ்டுக்குள் புதியதை நிரப்ப வேண்டும்.